ரேடியோ அக்கா பேரில் இன்னொருத்தி

ரேடியோ அக்காவிடம் போகிறவர்கள் முடி வெட்டிக்கொள்ள மட்டும் போவதில்லை. வெட்டுவது என்னமோ சுமார்தான். கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள். அதே தெருவில் இன்னும் இரண்டு பார்லர்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஏசி உண்டு, இரண்டிலும் புது நாற்காலிகள். அக்காவின் நாற்காலியோ ஆள் உட்கார்ந்ததும் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். வெட்டி முடிப்பதற்குள் நடுவில் மூன்று தடவையாவது மிதித்து ஏற்ற வேண்டும். இருந்தும் அவள் கடை வாசல் பெஞ்சில் எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள். எல்லாம் அந்த வாய்க்காகத்தான்.

பேச்சு அவளுக்கு மூச்சு மாதிரி என்று நினைக்கிறவர்களுக்கு அவளைப் பாதிதான் தெரியும். அவளுக்குப் பிடித்தது கேட்பது. பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அந்த நேரத்தில் அந்த வீட்டுக்காரியின் கவனம் எங்கே போயிருந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, "அப்புறம் சொல்லுங்க" என்றால் எவளும் சொல்லிவிட மாட்டாள். தொழில் பழகின முதல் வருஷமே அக்காவுக்கு இது புரிந்துவிட்டது. முதலில் தன் கதை ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். மாமியார் தன்னைச் சமையலறைக்குள் விடாத கதை, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதை, பிறந்தநாளும் அப்பா இறந்த நாளும் ஒன்றாகவே வந்து தொலைத்த கதை. ஒன்றைக் கொடுத்தால் எதிராளியிடமிருந்து ஒன்று வரும். இப்படிக் கொடுத்து வாங்கியே அந்தப் பேட்டையில் அவளுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் இல்லை என்று ஆகிவிட்டது.

சமயத்தில் கையிலிருக்கும் கதை எதுவும் வந்தவளின் கதைக்குப் பொருந்தாது. அப்போது ஒன்றைத் தயார் பண்ணுவாள். மெலிந்த பின்னலுக்குள் பொய்முடி சேர்த்துக் கட்டுவதை சவுரி வைப்பது என்பார்கள் அல்லவா? அந்தப் பேரையே இதற்கும் வைத்திருந்தாள். ராத்திரி சாப்பாட்டின்போது கணவனிடம், "இன்னிக்கு அந்த டாக்டரம்மாகிட்ட கொஞ்சம் சவுரி வச்சேன்" என்று சிரிப்பாள். கணவன் லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் கிணறு மாதிரி இடத்தில் கம்பிக் கயிறுகளோடு கிடந்துவிட்டு வருகிறவர். வீட்டில் அவருடைய பங்கு, காதைக் கொடுப்பதும் தட்டைக் கழுவுவதும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்று அவளை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். தலைமுடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, ஒரு கண் பாதி மூடி, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வேறு யாராக இருந்தாலும் அட்டையைப் பர்சுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். இவள் அதைப் பெரிதாக்கி, கலர் பிரதி எடுத்து, கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டாள். தங்கள் தலையைப் பார்த்து அழுகிறவர்களிடம் அதைக் காட்டி, இந்தத் தலையே தேறிவிட்டது, உங்கள் தலைக்கு என்ன கேடு என்பாள். படம், எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அங்கே பளிச்சென்று இருந்தன. வருஷக்கணக்கில் எத்தனையோ பேர் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் படித்திருக்கிறாள்.

கடை இருந்த கட்டடத்தைச் சொந்தக்காரர் விற்கப் போகிறேன் என்றபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர் நியாயமான மனுஷர். இத்தனை காலம் இருந்தவளாயிற்றே, அந்த அறையை நீயே வாங்கிக்கொள்கிறாயா என்று முதலில் அவளிடம்தான் கேட்டார். செல்போன் கடைக்காரர் ஒருவர் பணத்தோடு தயாராக நிற்கிறார், அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடு, அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்றார். அக்காவுக்கு அந்த அறையைத் தவிர வேறு இடத்தில் தொழில் தெரியாது. சன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் எந்தத் தலையில் விழும் என்று கணக்குப் போட்டு ஆட்களை வரச் சொல்கிறவள். கடன் கேட்டு வங்கிக்குப் போனாள்.

வங்கியில் முடியாது என்றார்கள். அவள் பேரில் ஏற்கெனவே ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, மாதக்கணக்கில் பாக்கி நிற்கிறது, இந்த நிலையில் எந்த வங்கியும் கடன் தராது என்றார்கள். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கிரெடிட் கார்டை அவள் தொட்டதே வாடிக்கைக்காரர்கள் காசுக்குப் பதிலாக நீட்டும்போதுதான். அங்கேயே நின்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். கத்தல் உள்ளே எட்டி, மோசடிப் பிரிவு என்று பலகை போட்ட அறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள்.

அதிகாரிக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கொண்டையை இறுக்கிப் போட்டிருந்தாள். நுனி பிளந்த முடி என்று அந்த ஆத்திரத்திலும் அக்காவுக்குக் கண்ணில் பட்டது. கார்டு போன முகவரி வேறு, கொடுத்திருக்கும் போன் எண்ணும் வேறு என்று அந்தப் பெண் முதலிலேயே பார்த்துவிட்டாள். கார்டு கொடுக்கும் முன் வங்கி போனில் கூப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறது, அந்தப் பேச்சு பதிவில் இருக்கிறது, கேட்டுவிட்டு உங்கள் குரலா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

அக்கா கேட்டாள். கேட்கக் கேட்கக் கோபம் எங்கேயோ போய், நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பதிவில் பேசியது அவள் இல்லை. ஆனால் அவளேதான் பேசுவது போல இருந்தது. அவள் இழுக்கும் இழுப்பு, "அட அதை ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பிக்கும் பாணி, மூச்சு விடாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவது எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பிறந்த தேதி கேட்டதற்கு அப்பா இறந்த நாளும் அதுதான் என்று சேர்த்துச் சொன்னது அந்தக் குரல். அம்மாவின் பேர், முதல் பள்ளிக்கூடம், கல்யாணம் நடந்த இடம் எல்லாம் தப்பில்லாமல் வந்தன. கடைசியில் வங்கிக்காரர், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ரகசியக் கேள்வி, சின்ன வயதில் வளர்த்த பிராணியின் பேர் என்றார்.

"மேனேஜர்" என்றது குரல். "எங்க வீட்டுப் பூனைங்க. ஒரு வேலையும் செய்யாது, எல்லாரும் செய்யறதைச் சுத்திச் சுத்திப் பாக்கும். அதான் அந்தப் பேர்."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடுத்த அறையில் நிஜ மேனேஜர் இருந்ததால் அதிகாரி பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்குப் பூனை பக்கத்துல வந்தாலே தும்மலு. வீட்ல ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்தது இல்ல" என்றாள் அக்கா. "இது நான் வச்ச சவுரிம்மா. யார்கிட்டயோ சும்மா சொன்ன பொய்யி."

யாரிடம் என்று அதிகாரி கேட்டாள். அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை. அது வேறு அவளை அரித்தது. எத்தனை தலைகள், எத்தனை கதைகள். ஆனால் ஒன்று நிச்சயம். ஒரே கதையை இரண்டு பேருக்குச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. சவுரியை அளவெடுத்துத்தான் வைப்பாள்.

அதிகாரி அவளைத் துருவித் துருவி விசாரித்தபோது கண்ணாடியில் ஒட்டிய அட்டை விஷயமும் வெளியே வந்தது. முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடுங்கள் என்றாள் அந்தப் பெண். காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுங்கள், அதன் பிரதி எங்களுக்கு வேண்டும். உங்கள் பேரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று அவ்வப்போது நீங்களே கேட்டுப் பார்க்கலாம், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். பார்த்திருந்தால் இது முதல் மாதமே தெரிந்திருக்கும். இனி உங்களைக் கேட்காமல் யாரும் புதுக் கணக்குத் திறக்க முடியாதபடி உங்கள் பேரைப் பூட்டிவைக்கச் சொல்லி இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். வங்கி என்று சொல்லி யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, நீங்களாக வங்கியின் எண்ணுக்குப் போட்டுக் கேளுங்கள். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் சொன்னதுதான் அக்காவை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"அந்த ரகசியக் கேள்விக்கெல்லாம் உண்மையான பதிலைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை மேடம். முதல் பள்ளிக்கூடம் எதுன்னா, ஏதோ வாயில வந்ததைச் சொல்லி வச்சுக்கலாம். உங்களுக்கு மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்."

வங்கியிலேயே பொய் சொல்லலாம் என்று ஒருத்தி அனுமதி கொடுக்கிறாள். இத்தனை காலம் பொய்யை எல்லாம் ஊருக்கு விற்றுவிட்டு உண்மையைப் போய் இவர்களிடம் கொடுத்தேனே என்று அக்காவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மாற்றி அல்லவா செய்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது இன்னொரு கேள்வி கேட்டாள். என் பேரில் நான் என்னதான் வாங்கினேன்? அதிகாரி திரையைப் பார்த்துப் படித்தாள். படிக்கும் கண்ணாடி. கம்பளிப் போர்வை. முழங்கால் வலிக்கு ஒரு கருவி. நீச்சல் குளம் உள்ள ஓட்டலில் ஒரு வாரம். மளிகை, மளிகை, மறுபடி மளிகை. நகையோ டிவியோ எதுவும் இல்லை. அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. திருடி என்றதும் உதட்டுச் சாயமும் குதிகால் செருப்புமாக ஒருத்தியை மனசில் வரைந்து வைத்திருந்தாள். முழங்கால் வலிக்கிற திருடி அந்தப் படத்தில் பொருந்தவில்லை.

விசாரணை முடிய மாதங்கள் ஆகும், ஆள் கிடைத்துவிட்டால் உடனே உங்கள் பேரைச் சுத்தம் செய்து கடனையும் கவனிக்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தாள். கட்டடக்காரருக்கு மாதங்கள் கிடையாது. அன்று சாப்பாட்டின்போது அக்கா எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தாள். கணவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பூனைக் கதையை நீ எங்கிட்டச் சொல்லலையே" என்றார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். வைத்த சவுரியை எல்லாம் அன்றைக்கே அவரிடம் சொல்லிச் சிரிக்கிறவள், இதை ஏனோ சொல்லவில்லை. அப்படியானால் சிரிக்கிற மாதிரிச் சந்தர்ப்பத்தில் சொன்ன கதை இல்லை அது.

மறுநாள் அட்டையைக் கிழித்தாள். கூடவே வாயையும் மூடிக்கொண்டாள். கடையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. வந்தவர்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய் விசாரித்தார்கள். இவள் ஒன்றுமில்லை என்றாள். ஒவ்வொரு தலையையும் பார்த்து, நீயா, நீயா என்று மனசுக்குள் கேட்டாள். டாக்டரம்மா, பூக்கடைக்காரி, எதிர்வீட்டு மருமகள், எல்லாரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். இத்தனை வருஷமாகக் கொண்டாடிய முகங்களை இப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது. பெஞ்சில் கூட்டம் குறைய ஆரம்பித்தது. சுமாராக வெட்டுகிறவள் பேசவும் மாட்டாள் என்றால் ஏசி இல்லாத கடைக்கு யார் வருவார்கள்?

விடை அவள் யோசித்தபோது கிடைக்கவில்லை. யாரோ ஒருத்தியின் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தபோது கிடைத்தது. ஈரத் தலை, அழுகை, பூனை. அந்தப் பூனைக் கதையைச் சொன்னபோது தன் கை தண்ணீருக்குள் இருந்தது ஞாபகம் வந்தது. பேசினுக்குள் சாய்ந்த தலை. மெல்லிசான முடி, உச்சியில் ரெட்டைச் சுழி. முகம் ஞாபகம் வருவதற்கு முன்னால் அந்தச் சுழிதான் விரலில் தட்டுப்பட்டது. அவளுடைய வாடிக்கையில் ரெட்டைச் சுழி ஒருத்திக்குத்தான்.

மாசக்கடைசி.

அது அக்கா வைத்த பேர். ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் தவறாமல் வந்து தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு போகிற அம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எதிரில் நிற்கும்போது அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் வந்தவள், வளர்த்த பூனை செத்துவிட்டது என்று பேசினில் தலையை வைத்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகையை நிறுத்தத்தான் அக்கா மேனேஜரைப் பிறக்க வைத்தாள். மேனேஜர் மீனைத் திருடிய கதை, மேனேஜர் மழைக்குப் பயந்து அரிசி டப்பாவுக்குள் ஒளிந்த கதை என்று சொல்லச் சொல்ல அந்த அம்மாள் ஈரத் தலையோடு சிரித்தாள். பொய்யால் ஒருத்தியைத் தேற்றியதை வீட்டில் சொல்லிச் சிரிக்க அக்காவுக்கு மனசு வரவில்லை.

காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னாள். அங்கிருந்த பெண் போலீஸ் அந்த அம்மாளின் பேர், முகவரி, வேலை எல்லாம் கேட்டாள். அக்கா வாயைத் திறந்தாள். பேர் கேட்டதே இல்லை. வீடு எங்கே? ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் என்றிருக்கிறாள், ஒரு தடவை பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றிருக்கிறாள். மகன் வெளிநாட்டில் என்றாள். அப்புறம் ஒரு நாள் குழந்தை இல்லாதவளுக்கு என்ன கவலை என்றாள். இவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆனால் பேச்சில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அதைத் தன் கதையைக் கொண்டே அடைத்துவிட்டாள். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரத்தில் அந்த ஒரு வாடிக்கையிடம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊர் வாயையெல்லாம் கிண்டி எடுத்தவள் ஏமாந்து நின்றது தெரிந்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கார்டு போன முகவரியில் போலீஸ் ஏற்கெனவே பார்த்துவிட்டது. வாடகை அறை, காலி பண்ணிவிட்டார்களாம். அடுத்த தடவை வந்தால் சத்தம் போடாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்றாள் பெண் போலீஸ்.

மாதக் கடைசி வந்தது. இத்தனை நடந்தபின் வருவாளா என்று அக்கா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை கிழிந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பத்தரை மணி வெயிலில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் உள்ளே வந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் வெறும் பசைத் தடம் இருந்ததை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. துணியைக் கட்டினாள். திரைக்குப் பின்னால் போய்க் கிண்ணத்தில் சாயத்தைக் கலந்தபடியே போலீசுக்குப் போன் போட்டாள். வந்து, நெற்றியோரத்தில் தொடங்கி, வகிடு வகிடாகப் பிரித்து, தலை முழுக்கப் பூசினாள். ரெட்டைச் சுழியிலும் பூசினாள். பூசி முடித்து, பிளாஸ்டிக் உறையை மாட்டி, காதோரம் வழிந்ததைத் துடைத்தாள். இதை அவள் திட்டம் போட்டுத்தான் செய்தாள். தலையில் சாயத்தோடு எந்தப் பொம்பளையும் தெருவில் இறங்கி ஓட மாட்டாள்.

அப்புறம் நாற்காலியை மிதித்து ஏற்றிவிட்டு, கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"மேனேஜர்னு எங்களுக்குப் பூனையே இல்லம்மா. நீங்க அழுதீங்கன்னு சொன்னேன். ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

நாற்காலி மெதுவாக இறங்கியது. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அக்கா சொன்னபோது அந்த அம்மாள் கையைத் தூக்கிப் பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல ஆளுதான் நீ" என்றாள். "இந்தத் தலையோட எங்க போறது."

மறுக்கவோ கையைப் பிடிக்கவோ இல்லை. அக்கா கத்தத் தயாராகத்தான் இருந்தாள். என் பேர், என் கடை, என் அப்பா இறந்த நாள் என்று அடுக்கத் தயாராக வைத்திருந்தாள். எதிராளி மறுக்காதபோது கத்தலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் பழைய பசிதான் வந்து உட்கார்ந்தது. அதற்காகத் தன்னை அவள் திட்டிக்கொள்ளவும் செய்தாள். ஆனாலும் கேட்டாள்.

அந்த ஓட்டல் எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது, மெத்தை நன்றாக இருந்தது, பேசத்தான் ஆள் இல்லை என்றாள் அம்மாள். தன் பேரில் எங்கே போய் என்ன கேட்டாலும் கிடைக்காதாம். கூடப் பிறந்தவன் கடனுக்கு எப்போதோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கெட்ட பேராம் அது. வேறு ஒரு பேர் வேண்டியிருந்தது. முதல் தடவை படிக்கும் கண்ணாடிக்கு மட்டும்தான் என்று நினைத்தாளாம். அப்புறம் குளிர்காலம் வந்ததாம்.

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"வேற யாரு பேர்ல வாங்குவேன்?" அந்த அம்மாள் இதை வருத்தமாகவும் சொல்லவில்லை, திமிராகவும் சொல்லவில்லை. "ஒலகத்துலயே எனக்கு முழுசாத் தெரிஞ்ச மனுஷி நீ ஒருத்திதான்."

அக்கா ஆடிப்போனாள். கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரி நாற்காலியில் இருக்கும்போது அவள் உட்கார்ந்ததே இல்லை. கோபம் வந்தது, கூடவே இந்தக் கிழவி தன்னை உட்கார்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறாள் என்று ஒரு கேடுகெட்ட சந்தோஷமும் வந்தது. பேச்சைக் கேட்க வருவார்கள் சரி, மனப்பாடம் பண்ணியது யார்? இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க எங்கிட்டச் சொன்னதுல ஒண்ணாவது நெசமா? அந்தப் பூனையாவது இருந்துச்சா?"

அந்த அம்மாள் யோசித்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவது முகத்தில் தெரிந்தது. பூனை இல்லை என்று தலையை ஆட்டினாள். அன்றைக்கு வேறு காரணத்துக்கு அழுகை வந்ததாம், சொல்ல வாய் வராமல் பூனை என்றாளாம்.

"நீ தலை கழுவும்போது தூக்கமா வருதுன்னு சொல்லுவேன்ல" என்றாள் கடைசியில். "அது நெசம். எனக்கு வேற எங்கயும் தூக்கம் வர்றதில்ல."

வாசலில் ஜீப் வந்து நின்றது. பெண் போலீஸ் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருத்தி, இவர்கள்தானா என்று கேட்டாள். அக்கா ஆமாம் என்றாள். தயங்கவில்லை. அறை அவளுக்கு வேண்டும், பேர் அவளுக்கு வேண்டும். செய்தது திருட்டுத்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போலீஸ்காரி நாற்காலிப் பக்கம் நகர்ந்தபோது குறுக்கே கையை நீட்டினாள்.

"டை போட்டிருக்கு. இப்பவே கழுவலைன்னா தோல் வெந்துபோயிடும். செத்த உக்காருங்க."

அவர்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அக்கா அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி பேசின் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கழுத்துக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். தண்ணீரின் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டுத் தலையில் விட்டாள். கறுப்பாக ஓடியது. விரலால் அலசினாள், ஷாம்பு போட்டாள், மறுபடி அலசினாள். அவசர அவசரமாகச் செய்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கை அப்படிப் பழகவில்லை. எப்போதும் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. வழக்கமாக அந்த நேரமெல்லாம் அவள் பேசிக்கொண்டிருப்பாள். இன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது.

தண்ணீர் வெள்ளையாக வரத் தொடங்கியபோது அந்த அம்மாளின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது.

போலீஸ்காரி எட்டிப் பார்த்தாள். "தூங்கறாங்களா?" என்றாள் நம்ப முடியாமல். அக்கா தலையாட்டினாள். "நேரமாச்சு. எழுப்புங்க."

அக்கா குழாயை மூடினாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றினாள். குனிந்து கூப்பிட வாயைத் திறந்தாள். எப்போதும் வரும் அம்மா என்ற சொல் அன்றைக்கு வரவில்லை. வேறு பேர் அவளுக்குத் தெரியாது. தோளைத் தொட்டாள்.